பன்றி முடி பிரஷ்ஷா, பேட்ஜர் முடி பிரஷ்ஷா: சென்னைத் தண்ணீருக்கும் ஈரக் காற்றுக்கும் எது ஒத்துவரும்?

வேளச்சேரி வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். டப்பாவில் வரும் நுரையையும் மூன்று பிளேடு ரேசரையும் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தேன். கழுத்தில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து புடைப்புகளாகிக்கொண்டே இருந்ததால், தோல் மருத்துவர் சொன்னபடி ஒற்றை பிளேடு போடும் சேஃப்டி ரேசருக்கு மாறிவிட்டேன். கிண்ணத்தில் கட்டியாக வரும் ஷேவிங் சோப்பும் வாங்கியாயிற்று. மிச்சமிருப்பது பிரஷ். இப்போது கையில் இருப்பது மளிகைக் கடையில் வாங்கிய சாதாரண நைலான் பிரஷ். கிரீமுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் கட்டி சோப்பின் மேல் எவ்வளவு சுழற்றினாலும் குமிழ் குமிழான மெல்லிய நுரையைத்தான் தருகிறது, அதுவும் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு மறு கன்னத்துக்குப் போவதற்குள் வற்றிவிடுகிறது.

ஆகவே இயற்கை முடியில் ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்கி, பன்றி முடியா, பேட்ஜர் எனப்படும் வளைக்கரடியின் முடியா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். படித்த ஒப்பீடுகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. எங்கள் அடுக்ககத்தில் வருவதோ ஆழ்துளைக் கிணற்று நீர். குழாயின் வாயில் வெள்ளைப் படிவு கட்டும் அளவுக்குக் கடினமானது. குளியலறைக்குச் சிறிய ஜன்னல் ஒன்றுதான் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துண்டுகூட காய்வதில்லை. இந்தச் சூழலில் எந்த முடி தாக்குப்பிடிக்கும்? என்னால் 2,000 ரூபாய் வரை செலவிட முடியும். அந்த விலைக்குள் ‘ப்யூர் பேட்ஜர்’ என்று எழுதிய பிரஷ்களும் தென்படுகின்றன; அவற்றை நம்பி வாங்கலாமா? என் தோல் எளிதில் சிவந்துபோகும் வகை என்பதையும் கருத்தில் கொண்டு, இரண்டையும் பயன்படுத்திப் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மயிலாப்பூர் பெரியவர்:

தம்பி, உங்களிடம் இருப்பது கட்டி சோப்பு என்ற ஒரு செய்தியிலேயே பாதி விடை இருக்கிறது. கட்டி சோப்பின் மேற்பரப்பைச் சுரண்டி எடுப்பதற்குப் பிரஷ்ஷுக்கு ஓரளவு விறைப்பு வேண்டும், அந்த விறைப்பு பன்றி முடிக்கு இயல்பாகவே உண்டு. தயக்கமில்லாமல் பன்றி முடி பிரஷ்ஷையே வாங்குங்கள் என்பது என் கருத்து. ஆனால் அதை எப்படிப் பழக்குவது என்று தெரியாமல் வாங்குபவர்கள் பலர், முதல் வாரத்திலேயே முகத்தைக் குத்துகிறது என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். ஆகையால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பன்றி முடி அடியில் தடித்து நுனியை நோக்கி மெலிந்து செல்லும்; அதன் நுனி இயற்கையாகவே இரண்டாக, மூன்றாகப் பிளவுபடும் தன்மை கொண்டது. புதிய பிரஷ்ஷில் அந்தப் பிளவுகள் குறைவாக இருப்பதால்தான் அது முரட்டுத்தனமாகத் தெரிகிறது. நாள்தோறும் நனைந்து, நுரைத்து, காய்ந்து வரவர ஒவ்வொரு முடியின் நுனியும் மேலும் மேலும் பிளந்து, முகத்தில் படும் பகுதி மட்டும் பஞ்சாக மாறும். அடிப்பகுதியின் விறைப்போ அப்படியே இருக்கும். நன்றாகப் பழகிய பன்றி முடி பிரஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முடியை மட்டும் உற்றுப் பாருங்கள்: நுனியில் மயிரிழைக் கிளைகள் விரிந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். இந்த நிலை வருவதற்கு ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை பிடிக்கலாம்.

அடுத்தது ஊறவைப்பது. பன்றி முடி நீரைத் தன் உடலுக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த பிரஷ்ஷை நனைத்த மாத்திரத்தில் சோப்பில் வைத்துச் சுழற்றினால், ஊறாத அரிசியை ஆட்டுரலில் போட்ட கதைதான். நுரைக்குத் தேவையான நீரையும் முடியே குடித்துவிடும், நுரை வறண்டு உதிரும். குளிக்கப் போகும் முன் ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் முடிப்பகுதி மட்டும் மூழ்கும்படி வைத்துவிட்டு, குளித்து முடித்து வந்து எடுத்தால் சரியாக இருக்கும்; ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஊறினால் போதும். கொதிநீர் கூடாது. அது முடியையும் கெடுக்கும், முடிக்கற்றையைக் கைப்பிடியில் பிடித்துவைத்திருக்கும் பசையையும் இளக்கிவிடும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே போதிய வெப்பத்தோடு இருக்கும் என்பதால் அந்த மாதங்களில் தனியாகச் சுடவைக்கவே வேண்டியதில்லை.

ஊறிய பிரஷ்ஷை மெதுவாகப் பிழிந்து, சோப்பின் மேல் அரை நிமிடத்துக்கு மேல் சுழற்றிச் சோப்பை நன்றாக ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு சில துளிகளாக நீர் சேர்த்துக்கொண்டே நுரையைக் கட்ட வேண்டும். குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, தயிரின் மேற்பரப்பு போல மினுமினுப்பு வரும்போது அது தயார். இன்னொன்று, மின்விசிறியின் கீழ் நின்று நுரை பூசாதீர்கள். இங்கே நுரை வற்றுவதற்குப் பிரஷ்ஷைவிட மின்விசிறிதான் பல வீடுகளில் காரணம்.

புதிய பன்றி முடியில் ஈர விலங்கின் வாடை சில நாட்களுக்கு இருக்கும். சிறிது ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். சவரம் செய்யாத நேரத்திலும் உள்ளங்கையில் நுரைத்துச் சற்று நேரம் விட்டு அலசுங்கள். வாடையும் போகும், பழகுவதும் விரைவாகும். முதல் சில நாட்களில் ஓரிரு முடிகள் உதிர்வது இயல்பே. தொடர்ந்து கொத்தாக உதிர்ந்தால்தான் அது பிரஷ்ஷின் குறை.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, இத்தாலியின் பொலோனியாவில் 1931 முதல் இயங்கும் ஒமேகாவும், போர்ச்சுகலில் 1935இல் தொடங்கிய செமோகும் பன்றி முடியில் காலங்காலமாகப் பெயர் பெற்றவை. அவற்றின் சாதாரண வகைகளே உங்களுக்குத் தாராளமாகப் போதும்.


அண்ணாநகர் மேற்கு:

பெரியவர் எழுதிய செய்முறை முழுவதையும் ஏற்கிறேன். முடிவில் மட்டும் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். கேள்வி கேட்ட சார் தமக்குத் தோல் எளிதில் சிவக்கும் என்றும், கழுத்தில் முடி உள்நோக்கி வளர்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அத்தகைய தோலின் மேல், பழகாத பன்றி முடி பிரஷ்ஷை இரண்டு மாதம் வட்டமாகத் தேய்ப்பது நல்லதன்று. நல்ல தரமான பேட்ஜர் முடியின் அமைப்பே வேறு: நடுவில் தடித்து, நுனியை நோக்கி ஊசிபோல் கூர்ந்து மெலியும். அதனால் முதல் நாளிலிருந்தே நுனி மென்மையாக இருக்கும். நீரை முடிக்குள் உறிஞ்சுவதைவிட முடிகளுக்கு இடையே தேக்கி வைத்துக்கொள்வதால் நீண்ட நேரம் ஊறவைக்க வேண்டியதுமில்லை. ஓடும் வெந்நீரில் நனைத்தால் போதும். காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இந்த வேறுபாடு பெரிது.

ஆனால் ‘நல்ல தரமான’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று பேட்ஜர் முடிக்குப் படிநிலைகள் சொல்கிறார்கள். இவற்றுக்குப் பொதுவான தர நிர்ணயம் எதுவும் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி பெயரிடுகிறது. ‘ப்யூர்’ என்றால் மிகத் தூய்மையானது, ஆகவே உயர்ந்தது என்று நம்மவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் படிநிலையில் அடியில் இருப்பது அதுதான். கருமை கூடிய முரட்டு முடியை அடுக்கி, மேற்புறம் வடிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக நுனியைக் கத்தரித்தும் விடுவார்கள். ஊசிபோல் கூர்ந்திருக்க வேண்டிய நுனி மொட்டையாகிவிட்டால் அது பன்றி முடியைவிட மோசமாகக் குத்தும், பன்றி முடியைப் போல் பிளந்து மென்மையாவதற்கும் அதனால் இயலாது. பேட்ஜர் முடியில் நுனியைத் தொடாமல், கற்றையைக் கையால் அச்சில் அடுக்கியே மேற்புற வளைவைக் கொண்டுவர வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் விலை.

போலிகளும் உண்டு. வெள்ளைப் பன்றி முடியின் நடுவில் சாயம் ஏற்றி, கரும்பட்டை தெரியும்படி செய்து பேட்ஜர் என்று விற்பார்கள். கற்றையை விரலால் பிரித்துப் பாருங்கள்: உண்மையான பேட்ஜர் முடியில் ஒவ்வொரு இழையும் அடியில் வெளிறி, நடுவில் கறுத்து, நுனியில் மீண்டும் வெளுத்திருக்கும், கரும்பட்டையின் உயரம் இழைக்கு இழை சற்றே மாறுபடும். சாயம் ஏற்றியதில் பட்டை கோடு போட்டது போல் சீராக இருக்கும்; நுனி கூராக இல்லாமல் பிளந்திருக்கும்.

எனவே 2,000 ரூபாய்க்குள் பேட்ஜர் வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அந்த விலையில் பேட்ஜர் என்ற பெயர் கிடைக்குமே தவிர, பேட்ஜரின் பயன் கிடைக்காது. பொறுத்திருந்து பணம் சேர்த்து ஒரு நல்ல சில்வர்டிப் வாங்குவதானால் வாங்குங்கள். இல்லையேல் பெரியவர் சொன்னபடி பன்றி முடிக்குப் போகலாம். ஆனால் கழுத்தில் புடைப்பு இருக்கும் நாட்களில் அந்தப் பகுதியைத் தேய்க்காமல், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வாக்கில் மேலும் கீழுமாகத் தடவி மட்டும் விடுங்கள். நுரையைக் கிண்ணத்தில் கட்டிக்கொண்டு பிறகு முகத்தில் பூசினால் தோலுக்கு இன்னும் நல்லது.


ராயப்பேட்டை நண்பன்:

சார், ஒரு செய்தியை மட்டும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். எங்கள் வீட்டில் மார்க்க முறைப்படி பன்றி முடியைப் பயன்படுத்துவதில்லை. சைவத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் நண்பர்கள் சிலர் இரண்டையுமே தொடுவதில்லை. இந்த உரையாடலைப் படிக்கும் அத்தகையவர்கள், மளிகைக் கடை நைலானை வைத்துச் செயற்கை இழையையே எடைபோட்டுவிட வேண்டாம். இப்போது வரும் நுண்ணிழைப் பிரஷ்கள் முற்றிலும் வேறு வகை. நுனி மிக மெல்லியதாகத் தீட்டப்பட்டிருக்கும், ஊறவைக்கத் தேவையில்லை, வாடை இல்லை, உதறிவிட்டால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். நம் மழைக்காலத்துக்கு இந்தக் கடைசிக் குணம் மிகவும் பெரியது. கட்டி சோப்பில் சற்றுக் கூடுதல் நேரம் சுழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பேட்ஜர் முடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தைக்கு வரும் முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. அங்குள்ள பண்ணைகளில் அந்த விலங்குகள் நடத்தப்படும் விதம் குறித்து 2018இல் படக்காட்சிகள் வெளிவந்த பின், சில நிறுவனங்கள் பேட்ஜர் பிரஷ் விற்பதையே நிறுத்திவிட்டன. நம் நாட்டில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தேன் வளைக்கரடி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. விலை கொடுத்து வாங்குபவர் இதையும் அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது என்று நினைக்கிறேன்.


குரோம்பேட்டை வேதியியல்:

முடியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் வருகிறேன். ஏனெனில், வேளச்சேரி சார் சொல்லும் ‘வற்றிப்போகும் நுரை’க்குப் பிரஷ்ஷைவிடத் தண்ணீர்தான் முதற்காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஷேவிங் சோப்பு என்பது பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசியம், சோடியம் உப்புகள். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் இவற்றோடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறப் பிசுக்காக மாறிவிடும். நீங்கள் ஏற்றிய சோப்பில் ஒரு பகுதி நுரையாவதற்கு முன்பே இப்படி வீணாகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலைப்படி, கால்சியம் கார்பனேட் அளவில் கணக்கிட்டால் ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்க கடினத்தன்மை. வேறு நீர் இல்லாத நிலையில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. குழாய் வாயில் படிவு கட்டும் நீர் முதல் வரம்பைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். இதற்கு எளிய வழி உண்டு. கழுவுவதற்குக் குழாய் நீரையே வைத்துக்கொண்டு, பிரஷ்ஷை ஊறவைக்கவும் நுரை கட்டவும் மட்டும் ஒரு குவளை கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள். ஒரு டம்ளருக்கு மேல் செலவாகாது. மெட்ரோ தண்ணீர் வரும் வீடுகளில் அதுவே போதும். பழைய நைலான் பிரஷ்ஷிலேயே இதை ஒருமுறை செய்து பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும். சோப்பின் உறையில் ஈ.டி.டி.ஏ. என்ற பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோப்பைக் காப்பாற்றும் பொருள்.

இந்தப் பிசுக்கு பிரஷ்ஷையும் கெடுக்கும். முடிக்கற்றையின் அடியில், விரல் எட்டாத இடத்தில்தான் அது முதலில் படியும். முடிகள் மெழுகு பூசியது போல் ஒட்டிக்கொண்டு, நீர் உள்ளே போக மறுக்கும், அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை வாடையும் வரத் தொடங்கும். மாதம் ஒருமுறை ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, பிரஷ்ஷைச் சில நிமிடங்கள் வைத்து, விரல்களால் அடிவரை கோதி, நன்றாக அலசிவிடுங்கள். வினிகர் இல்லையென்றால் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு. அடர்த்தியாகப் பயன்படுத்தினால் முடி வறண்டு முறியும் என்பதால் அளவு மீற வேண்டாம். பேட்ஜர், பன்றி இரண்டுக்கும் இது பொருந்தும். முடி அடர்த்தி மிகுந்த சில்வர்டிப்பில் பிசுக்கை அகற்றுவது கடினம் என்பதையும், நம் தண்ணீரைப் பொறுத்தவரை நான் அதன் குறையாகவே சொல்வேன்.


வேளச்சேரி வாசகன்:

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கேன் தண்ணீரில் நைலான் பிரஷ்ஷை வைத்து இன்று காலையே பார்த்துவிட்டேன். நுரை முன்பைவிட அடர்த்தியாக வந்தது, ஆனாலும் சோப்பை அள்ளி எடுக்கும் வலு அந்தப் பிரஷ்ஷுக்கு இல்லை என்பதும் தெளிவாகத் தெரிந்தது. பேட்ஜர் எண்ணத்தை விட்டுவிட்டுப் பன்றி முடிக்கே போகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. மரக் கைப்பிடி, பிளாஸ்டிக் கைப்பிடி இரண்டில் எது நல்லது? காயவைக்கும்போது தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்கிறார்களே, அது கட்டாயமா? இன்னொன்று, விலங்கு முடியில் கிருமி இருக்கும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?


மயிலாப்பூர் பெரியவர்:

தம்பி, வீட்டாரின் அச்சம் ஆதாரமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போர்க் காலத்தில், சரிவரக் கிருமி நீக்கம் செய்யப்படாத குதிரை முடியில் செய்த மலிவான பிரஷ்களால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆந்த்ராக்ஸ் பரவியது. பேட்ஜர் போலச் சாயமிட்டு விற்ற பிரஷ்களும் அவற்றில் உண்டு. அதன் பிறகுதான் முடியைக் கிருமி நீக்கம் செய்த பின்பே பிரஷ் கட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. பெயர் பெற்ற நிறுவனங்களின் பிரஷ்களில் இன்று அந்த அச்சம் தேவையில்லை. பெயரோ முகவரியோ இல்லாமல் உதிரியாக விற்கும் விலங்கு முடிப் பிரஷ்ஷை மட்டும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள், உங்கள் பிரஷ்ஷை வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

கைப்பிடியைப் பொறுத்தவரை, உங்கள் குளியலறைக்குப் பிளாஸ்டிக் அல்லது ரெசின் கைப்பிடியே ஏற்றது. மரம் பார்வைக்கு அழகுதான். ஆனால் ஈரக் காற்றில் மேற்பூச்சு விட்டுப்போனால் மரம் உப்பி வெடிக்கும், கற்றையும் தளரும்.

தலைகீழாகத் தொங்கவிடுவது கட்டாயமன்று. நிமிர்த்தி வைத்தாலும் காயும். காற்றோட்டம் இருக்கிறதா என்பதே முக்கியம். சவரம் முடிந்ததும் நுரை துளியும் இல்லாமல் அலசி, மெதுவாகப் பிழிந்து, நான்கைந்து முறை ஓங்கி உதறி, உலர்ந்த துண்டில் முன்னும் பின்னும் தடவுங்கள். பிறகு குளியலறையில் வைக்காமல், கூடத்திலோ படுக்கையறையிலோ ஜன்னலோரம் நிழலில் வையுங்கள். கண்ணாடி அலமாரிக்குள் மூடி வைப்பதும், நேர் வெயிலில் போடுவதும் இரண்டுமே கூடாது. அடைமழை நாட்களில் பன்றி முடி ஒரே நாளில் அடிவரை காயாது. அந்த இரண்டு மாதமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய நைலானையும் கிரீமையும் பயன்படுத்தி, இதற்கு ஓய்வு கொடுங்கள். அதற்காகவே அந்த நைலான் பிரஷ்ஷைத் தூக்கி எறிய வேண்டாம்.

வாங்குவதை மழைக்காலம் வரை தள்ளிப்போடாமல் இப்போதே வாங்கிப் பழக்கத் தொடங்குங்கள். நன்றாக நனைந்து, முழுவதுமாகக் காய்ந்து, மீண்டும் நனையும்போதுதான் நுனி பிளக்கும். வெயில் காலத்தில் அது விரைவாக நடக்கும்.